சிப்காட்டைத் திட்டியாச்சு, வயலை யார் கேக்கறது?

கும்மிடிப்பூண்டி பக்கம் ஏரியில மீன் செத்து மிதந்தா நம்ம விரல் உடனே சிப்காட் பக்கம் நீளும். நீளட்டும், தப்பில்லை. ஆனா மேல் ஏரிப் பாசன வயலோட வடிகால்தானே கீழ் ஏரிக்கு வரத்து? அதுல என்ன வருதுன்னு கேட்டோமா மக்களே?

சம்பா நெல்லுல இலையுறைக் கருகலுக்கு அடிக்கிற பூஞ்சாணக்கொல்லிகள்ல டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின்னு ஒண்ணு. பூஞ்சையோட மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிக் கொல்லும். அதே மைட்டோகாண்ட்ரியா கெளுத்திக்கும் விராலுக்கும் இருக்கே! லிட்டருக்குச் சுமார் 15 மைக்ரோகிராம் போதும், ரெயின்போ டிரவுட் மீன்ல பாதி நாலே நாள்ல காலி. (நம்மூர் மீன் இல்லைதான், ஆய்வகங்கள்ல வழக்கமா அதை வெச்சுத்தான் சோதிக்கறாங்க.) ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்குக்கு வெறும் 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு கூட இல்லை. இதுல கொடுமை, பூஞ்சை நோய் வர்றதே ஈரத்துல. மருந்தடிக்கிற நாளும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணாவே வரும்.

2020 மே மாசம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை போட்டது. மேன்கோசெப், கார்பென்டாசிம் ரெண்டுமே பட்டியல்ல உண்டு. 2023ல தடை வந்தப்ப முழுசாத் தடையானது டைகோஃபால், டினோகேப், மெத்தோமில்னு மூணுதான்! மேன்கோசெப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர்லயே கழட்டி விட்டாச்சு.

தொழிற்சாலைக்காவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கழிவுநீர் அளவுன்னு ஒரு மூக்கணாங்கயிறு இருக்கு. வயல் வடிகாலுக்கு? மருந்தடிக்கிற பருவத்துல ஏரித் தண்ணிய எடுத்து இதுக்குன்னு சோதிச்சு, ரிசல்ட்டை ஊராட்சி அலுவலகத்துல ஒட்டச் சொல்லி நாம ஏன் கேக்கக் கூடாது?

டிஸ்கி: விவசாயியைத் திட்டறேன்னு பின்னூட்டத்துல கும்மாதீங்க. டப்பாவுல எச்சரிக்கையை எறும்பு சைஸ்ல அச்சடிச்சு விக்கறவங்களையும், அதுக்கு அனுமதி குடுத்தவங்களையும்தான் கேக்கறேன்.