மழலைக்கும் வேண்டும் தூய்மைப் பயிற்சி



தொழுகைக்குமுன் உளூச் செய்வதில் நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் நம் மழலைகள் மலம் கழிக்கும் இடத்தின் மீது காட்டுகிறோமா?

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் பல குடும்பங்கள் ஒரே கழிவறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒண்டுக் குடித்தனங்கள் உண்டு. வரிசையில் காத்திருக்கக் குழந்தையால் இயலாது. இருண்ட கழிவறைக்குள் நுழையவும் அஞ்சும். எனவே தாய்மார் சிலர் அதனைத் தெருச் சாக்கடையின் ஓரத்தில் அமர்த்திவிடுகின்றனர். "சின்னக் குழந்தையின் மலந்தானே!" என்று சமாதானமும் கூறுவர்.

இந்த எண்ணம் தவறானது. வயிற்றுப்போக்கையும் டைஃபாய்டையும் பரப்பும் கிருமிகள் குழந்தையின் மலத்திலும் இருக்கக்கூடும். சாக்கடை நீர், பழுதுற்ற குடிநீர்க் குழாயினுள் கசிந்தால் தெரு முழுவதுமே நோயுறும். ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி 1992-ல் முதலில் தலைகாட்டியது நம் சென்னையில்தான்; பின்னர் அது கல்கத்தாவுக்கும் வங்காள தேசத்துக்கும் பரவிற்று.

இதற்கு வழி எளிது. குழந்தை அமர்வதற்கென்றே விற்கும் சிறு பிளாஸ்டிக் கலம் ஒன்றை வாங்கி, வீட்டின் ஒரு மூலையில் வையுங்கள். மலத்தை உடனே கழிவறையில் கொட்டி, கலத்தைக் கழுவுங்கள். பின்னர் உங்கள் கைகளையும் குழந்தையின் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். டயாபரில் உள்ள மலமும் கழிவறைக்கே போக வேண்டும்.

பயிற்சியை எப்போது தொடங்கலாம்? பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயதுக்குள் ஆயத்தமாகின்றன. இரண்டு மணி நேரம் நனையாதிருத்தல், மலம் வருவதைச் சைகையாலோ சொல்லாலோ உணர்த்துதல், தானே அமர்ந்து எழுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். உணவு உண்டதும் குடல் இயங்குவது இயல்பு. ஆகவே காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் அமர்த்துங்கள். நம் நன்னிமார் கால்களை நீட்டி, பாதங்களின்மேல் பிள்ளையை அமர்த்தியதும் இந்த ஒழுங்கைப் பழக்கத்தான். வராவிடில் எழுப்பிவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

அடியும் ஏச்சும் அறவே கூடாது. அஞ்சிய குழந்தை மலத்தை அடக்கும், அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்கு அஞ்சி மீண்டும் அடக்கும். வாழைப்பழம், கீரை, போதிய நீர் ஆகியவை மலச்சிக்கலைத் தணிக்கும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பல நாட்கள் மலம் கழியாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் படுக்கை நனைவது ஐந்து வயது வரையிலும் இயல்பே.

உம்மு கைஸ் (ரலி) அவர்கள், உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, அக்குழந்தை அண்ணலாரின் ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. அண்ணலார் தண்ணீர் வரவழைத்து அதன்மீது தெளித்தார்கள்; அவ்வளவே. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது.

சகோதரிகளே, அந்த நிதானம் நம் இல்லங்களிலும் நிலவட்டும். அது இருந்தால், இன்ஷா அல்லாஹ், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பிள்ளை பழகிக்கொள்ளும், தெருவும் தூய்மையாகும்.