பாட்டனாரின் நரம்பு வியாதி பேரனுக்கும் வருமா?

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்பார்கள். காஞ்சீபுரம், ஏனாத்தூர் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முகச்சாயல் வருவது போல வியாதியும் வழிவழியாக வருமா?

ஒரு தறி வீட்டை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் தள்ளாடி நடந்தார். தகப்பனாருக்கும் நடை தடுமாறியது. இப்போது மகனுக்குக் கை நிதானம் இல்லை, தறி ஓடவில்லை. "குல சாபம்" என்கிறது ஊர். அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகிறது.

சாபம் அல்ல!

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒரு சமூகத்தாரிடையே டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு நடை தள்ளாடும் வியாதி இருந்தது! மற்ற இடங்களில் லட்சத்தில் ஓரிருவருக்கே வரும் வியாதி அது. இந்த ஆய்வு 2005-ல் வெளியாயிற்று.

உடல் நிதானத்தைக் காக்கும் சிறுமூளை மெல்ல மெல்லத் தேய்வதே இவ்வியாதி. காரணமான மரபணுவை 1993-ல் அமெரிக்காவில் ஹாரி ஓர், ஹுதா ஸோக்பி என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

மரபணு என்பது ஜக்கார்டு அட்டை மாதிரி. அட்டையில் துளை தவறினால், நெய்கிற சேலையில் எல்லாம் அதே பிழை வரும் அல்லவா?

இரண்டு வழிகள்

அட்டை இரண்டு: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. சில வியாதிகளுக்கு ஓர் அட்டையில் பிழை இருந்தாலே போதும். தள்ளாட்ட வியாதி அப்படிப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தந்தைக்கு வந்த வயதைவிட மகனுக்கு முன்னதாகவே வருவதும் உண்டு.

வேறு சில வியாதிகளுக்கு இரண்டு அட்டையிலும் பிழை வேண்டும். பெற்றோர் நன்றாக இருப்பார்கள். பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு வரலாம். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணந்தால் ஒரே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள்.

வில்சன் வியாதி இந்த இரண்டாம் வகை. செம்புச் சத்து ஈரலிலும் மூளையிலும் தங்கி, கை நடுங்கும், பேச்சு குழறும். ஆனால் இதற்கு மருந்து உண்டு! அண்ணனுக்கு வந்தால் தம்பி தங்கைகளையும் சோதிக்க வேண்டும். முன்னதாகக் கண்டுபிடித்தால் வியாதி தலைகாட்டாமலே தடுக்கலாம்.

எல்லாம் பரம்பரையா?

இல்லை. தகப்பனாருக்குத் தலையில் அடிபட்டதால் வலிப்பு வந்திருக்கும். மகனுக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டியால் வந்திருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே வீட்டில் இருவருக்கு வந்ததாலேயே பரம்பரை என்று முடிவு கட்டக்கூடாது.

என்ன செய்யலாம்?

வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுத வேண்டும். யாருக்கு, எந்த வயதில், என்ன தொல்லை, யார் யார் சொந்தத்தில் மணந்தார்கள்? அந்தத் தாளை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏனாத்தூரிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் நரம்பியல் நிலையம் இருக்கிறது.

தள்ளாட்ட வியாதியைக் குணமாக்க இன்னும் மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆயினும் உடற்பயிற்சி உதவும். கல்யாணத்துக்கு முன் நிலைமையைத் தெரிந்துகொள்ளவும் வழி பிறக்கும்.

சாபம் என்று மூடி மறைத்தால், நோயாளிக்கு அவமானம்தான் மிச்சம். மருந்தால் பிழைக்கக்கூடிய தங்கையும் அதோடு மறைந்து போவாள்.