கலெக்டர் துரை கட்டிய கோட்டையாம்!

ஓசூரில் ஒரு கதை வெகுநாளாக உலவி வருகிறது. சேலம் ஜில்லா கலெக்டராக இருந்த பிரட் துரை, 1850களில் ஓசூரில் வாசம் செய்தாராம். கோட்டையில் வாழ்ந்தால்தான் உன்னோடு வாழ்வேன் என்று துரைசானி பிடிவாதம் பிடித்தாராம். உடனே துரை, இங்கிலாந்தில் வார்விக்ஷயர் ஜில்லாவிலுள்ள கெனில்வொர்த் கோட்டையைப் போலவே இங்கே ஒன்றைக் கட்டிக் கொடுத்தாராம். ஆகா, என்ன காதல்! சுற்றுலாப் பிரசுரக்காரர்கள் இதை எழுதி எழுதிப் பூரிக்கிறார்கள்.

துரைசானி கேட்டாரோ இல்லையோ, அது நமக்கு முக்கியமல்ல. ஓசூரில் கெனில்வொர்த் என்ற பெயரில் ஒரு கோட்டை வீடு எழுந்தது உண்மை. பிற்காலத்தில் அது பாழானதும் உண்மை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அதைக் கட்டியது யார்?

"கலெக்டர் கட்டினார்" என்கிறார்கள். கலெக்டர் கல் சுமந்தாரா? சூளையில் செங்கல் சுட்டாரா? மாட்டைப் பூட்டிச் சுண்ணாம்பு அரைத்தாரா? சாரத்தில் ஏறிச் சாந்துச் சட்டி தூக்கினாரா? கொத்தனும் சித்தாளும் கல் ஒட்டனும் கட்டினார்கள். துரை கை காட்டினார். பெயரும் புகழும் கை காட்டியவருக்குப் போய்விட்டது.

இது பழைய வழக்கம். இதே ஓசூரில் திப்புவின் கோட்டை வேலையில் ஹாமில்டன் என்ற ஆங்கிலக் கைதி ஈடுபடுத்தப்பட்டதாகவும், 1791ல் கும்பினிப் படை நெருங்கியபோது அவர் கொல்லப்பட்டதாகவும் வெள்ளைக்காரன் குறித்து வைத்திருக்கிறான். இறந்த ஒரு ஆங்கிலேயனுக்கு ஏட்டில் பெயர் இருக்கிறது. மண் சுமந்த ஆயிரம் பேரில் ஒருவனுக்காவது பெயர் உண்டா?

அசல் கெனில்வொர்த்தின் சரித்திரத்தையும் சற்றுப் பார்ப்போம். 1120களில் ஒரு பிரபு அதைக் கட்ட ஆரம்பித்தான். சிவப்பு மணற்கல் கோபுரம், தடித்த சுவர், சுற்றிலும் ஏரி. 1266ல் ராஜாவின் சேனை ஆறு மாதம் முற்றுகையிட்டும் உடைக்க முடியவில்லை. பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்தன. ஆக, அந்தச் சுவரின் தடிமனுக்கு ஒரு காரணம் இருந்தது.

பிறகு அது ஜான் ஆப் காண்ட் என்ற ராஜகுமாரன் கைக்கு வந்தது. அங்கே அவன் பிரமாண்டமான விருந்து மண்டபம் எழுப்பினான். அதே காலத்தில் இங்கிலாந்து ஏழைகள் மீது தலைவரி விழுந்தது. 1381ல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். அவர்கள் தீ வைத்த மாளிகைகளில் முதன்மையானது எது தெரியுமா? இதே ஜான் ஆப் காண்டின் சவாய் அரண்மனை! வரிக்கும் மாளிகைக்கும் உள்ள உறவை அந்த எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் சரியாகவே கண்டுகொண்டான்.

1575ல் அங்கே எலிசபெத் ராணிக்கு 19 நாள் விருந்து நடந்தது. 1649ல், ராஜாவோடு போர் நடத்திய பார்லிமெண்ட் தரப்பார், இனி இது யாருக்கும் அரணாகக் கூடாது என்று கோட்டையின் சுவரைத் தகர்த்தார்கள். அப்புறம் வால்டர் ஸ்காட் 1821ல் எழுதிய நாவலால் அந்த இடிபாடு பிரபலமாயிற்று. ஆங்கிலேயரே உடைத்துப் போட்ட கோட்டையின் சாயல்தான் ஓசூருக்குக் கப்பலேறி வந்தது!

ஓசூரில் எந்த முற்றுகைக்குப் பயந்து கோட்டை? 1799ல் திப்பு வீழ்ந்தவுடன் இந்தப் பகுதி கும்பினி வசமாயிற்று. அரை நூற்றாண்டாக எதிரியே கிடையாது. அப்படியானால் கோட்டை முகப்பு எதற்கு? குடியானவன் வெளியே நின்று அண்ணாந்து பார்த்து அஞ்சுவதற்கு. "இவன் அசைக்க முடியாதவன்" என்று அவன் நினைப்பதற்கு. அதுவே அந்தக் கட்டடக் கலையின் ரகசியம்.

பணம் எங்கிருந்து வந்தது? துரையின் சம்பளம் என்பார்கள். சம்பளம் எங்கிருந்து வந்தது? நிலவரியிலிருந்து! ரயத்துவாரி முறை முளைவிட்டதே நமது பாராமகாலில்தான். 1792க்குப் பின் ரீடும் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, ஒவ்வொரு ரயத்தின் தலையிலும் நேரடியாக வரியை ஏற்றினார்கள். வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். கேழ்வரகு விளைந்தாலும் கருகினாலும் தாசில்தார் வாசலில் நிற்பான்.

வரியை எப்படி வசூலித்தார்கள்? 1855ல் வெளிவந்த சென்னை ராஜதானி சித்திரவதைக் கமிஷன் அறிக்கையே சொல்லுகிறது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட கமிஷன், குற்றமெல்லாம் கீழ்ச் சிப்பந்திகளுடையது, வெள்ளை அதிகாரிகள் நிரபராதிகள் என்று முடித்தது! 1857ல் காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, அந்த வேஷத்தை உலகறியக் கிழித்தார். இந்த ஒரு துரைதான் கிட்டி போடச் சொன்னார் என்று நாம் கூறவில்லை. ராஜதானி முழுவதும் நடந்த ஆட்சி முறை அது. அந்த ஆட்சியின் வருமானத்தில் எழுந்ததே அந்த மாளிகை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! காதலுக்குக் கோட்டை கட்டினாராம்!

காதல் கதை சொல்லுகிறவர்கள் அடுத்த அத்தியாயத்தைச் சொல்லுவதில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் ஜில்லா ஜனத்தொகை, 1881ல் 16 லட்சமாகச் சுருங்கிப் போயிற்று. நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும்! அந்த லட்சக்கணக்கான பேருக்கு எங்கே கோட்டை? எங்கே கல்வெட்டு?

இங்கே அந்தச் சாயல் வந்தது. நமது செல்வம் அங்கே போயிற்று. ராபர்ட் கிளைவ் 1769ல் சர்ரேயிலுள்ள கிளேர்மாண்ட் எஸ்டேட்டை வாங்கிப் புது மாளிகை கட்டத் தொடங்கினான். அதே வேளையில் வங்காளம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. அவன் மகன் சென்னை கவர்னராக இருந்தபோதுதான் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் கூடாரம் இன்றும் வேல்ஸிலுள்ள பவிஸ் மாளிகைச் சேகரத்தில் இருக்கிறது. 2020ல் நேஷனல் டிரஸ்ட் ஸ்தாபனமே, தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆதிக்கத்தோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்பு உண்டு என்று அறிக்கை விட்டது. உடனே அங்குள்ள கன்சர்வேடிவ் கனவான்கள் கொதித்தெழுந்தார்கள். மாளிகையைக் காட்டலாமாம், கணக்கைக் காட்டக் கூடாதாம்!

"அழகை அழகாகப் பார்க்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாகப் பார்ப்போம். கல்லின் மேல் நமக்குப் பகையில்லை. அந்த வளைவும் தூணும் நம் கொத்தர்களின் கைவண்ணம். அதனால்தான் சொல்லுகிறோம்: பழங்கட்டடத்துக்குப் பலகை வைக்கும்போது, கட்டச் சொன்னவன் பெயரோடு நிறுத்தாதே! கட்டியவனையும் வரி கட்டியவனையும் எழுது!

இது பழங்கதை அல்ல, தோழர்களே! மூக்கண்டப்பள்ளியில் நின்று சுற்றிப் பாருங்கள். 1970களில் சிப்காட் வந்தது, ஆலைகள் வந்தன, பல ஜில்லாக்களிலிருந்தும் பீகார், ஒரிசாவிலிருந்தும் உழைப்பாளிகள் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது லைன் வீட்டில் ஒரே அறை. நைட் ஷிப்டு முடிந்து வருகிறவன் படுக்க வேண்டுமானால், பகல் ஷிப்டுக்காரன் பாயைக் காலி செய்ய வேண்டும். பத்துக் குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். வாடகை மட்டும் மாதம் தவறாமல் ஏறுகிறது.

அதே வேளையில் நேற்றுவரை கேழ்வரகும் கொள்ளும் விளைந்த காடு மனைக்கட்டாகிறது. களை எடுத்த பெண்களுக்கு வேலை போயிற்று. அங்கே எழும் வில்லாக்களுக்கும் இங்கிலீஷ் பிரபு வீட்டுப் பெயர்களே! சுற்றிலும் மதில், வாசலில் காவல். அந்த மதிலைக் கட்டிய கொத்தனாரே மறுநாள் உள்ளே போக வேண்டுமானால் ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும். துரை போனார், துரைத்தனம் போகவில்லை!

ஆகவே நாம் கேட்கிறோம்: ஆலைக்கு நிலம் ஒதுக்கும் சர்க்கார், ஆலையில் உழைப்பவனுக்கு வீட்டுக்கு நிலம் ஒதுக்காதது ஏன்? காண்டிராக்ட் தொழிலாளியும் மனிதன்தானே? வயல் இழந்த கூலிக்காரனுக்கு மனைப்பட்டா எங்கே?

ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் ஒரே குரலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கோட்டை கட்டத் தெரிந்த கைகளுக்கு, குடியிருக்க ஒரு வீடு கேட்கும் உரிமை இல்லையா?