"தனியா போகாதே"ங்கிறது மருத்துவ ஆலோசனை இல்லைங்க

வெளிநாட்டுக்குத் தனியாப் போற பெண்களுக்கு அறிவுரைன்னு ஒரு ஃபார்வர்டு ரெண்டு நாளா குடும்ப குரூப்ல எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கு. ராத்திரி வெளியே போகாதே, உடம்பை மூடி உடுத்து, ஹேண்ட்பேக்ல பெப்பர் ஸ்ப்ரே வச்சுக்கோ, முடிஞ்சா தனியாவே போகாதே. கடைசியில "ஒரு டாக்டரின் அன்பான வேண்டுகோள்"னு வேற போட்டிருக்கு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட இழை.

முதல்ல அந்த பெப்பர் ஸ்ப்ரே. அதை விமானத்துல கைப்பையில கொண்டுபோக முடியாது. பிரிட்டன்ல அது சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். கையில வச்சிருந்தாலே குற்றம். அன்பான டாக்டர் பேச்சைக் கேட்டுப் போற பொண்ணு லண்டன்ல போலீஸ்கிட்டதான் நிக்கணும்.

"தனியா போனா ஆபத்து, துணையோட வீட்டுல இருந்தா பாதுகாப்பு"ன்னு ஒரு கணக்கு நம்ம தலைக்குள்ள இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு வேற. உலகத்துல ஏறக்குறைய மூணு பெண்கள்ல ஒருத்தர் வாழ்நாள்ல உடல் ரீதியாவோ பாலியல் ரீதியாவோ வன்முறைக்கு ஆளாகுறாங்க. அதுல பெரும்பகுதி கணவனோ காதலனோ செய்யறது. "வீட்டுக்குள்ள தனியா இருக்காதே, கணவன் கூட இருக்கான், ஜாக்கிரதை"ன்னு யாராவது ஃபார்வர்டு போட்டு பாத்திருக்கீங்களா?

2024 மார்ச்ல ஜார்க்கண்ட் தும்கா பக்கத்துல ஒரு ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். அவங்க தனியா வரல. கணவரோட வந்து, கூடாரம் போட்டுத் தங்கியிருந்தாங்க. ஏழு பேர் சேர்ந்து செஞ்சாங்க. அப்பவும் நம்ம ஆட்கள் கேட்டது "அந்த நேரத்துல அங்க ஏன் தங்கினாங்க?"தான்.

அதே வருஷம் நவம்பர், லாவோஸ் நாட்டுல வாங் வியெங். இளைஞர்கள் குவியுற ஒரு சுற்றுலா ஊர். அங்க மெத்தனால் கலந்த சாராயத்தால ஆறு வெளிநாட்டுப் பயணிகள் செத்துப்போனாங்க. அதுல அஞ்சு பேர் பெண்கள். ஃப்ரெண்ட்ஸோட போனவங்களும் அதுல உண்டு. உடையோ, இருட்டோ, துணையோ இதுல எங்க வருது? வந்தது ஒரு கிளாஸ்.

மெத்தனால் என்னன்னு நம்மளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அதே 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனது அதாலதான். அது குடிச்ச உடனே காட்டாது. கல்லீரல் அதை மெதுவா ஃபார்மிக் அமிலமா மாத்தும். பெரும்பாலும் 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் கழிச்சுதான் வயித்துவலி, வாந்தி, மூச்சு வாங்கறது, கண்ணு முன்னாடி பனி பெய்யற மாதிரி மங்கறது எல்லாம் வரும். கூடவே சாதாரண ஆல்கஹாலும் குடிச்சிருந்தா இன்னும் தள்ளிப்போகும். ஹேங்ஓவர்னு நினைச்சு படுத்துடுவாங்க. நேரத்துல ஆஸ்பத்திரி போனா மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. லேட்டானா பார்வை போகும், உயிரும் போகும்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. ஆபீஸ் ட்ரெய்னிங்னு வீட்டுல பொய் சொல்லிட்டு வந்த ஒரு பொண்ணு, வாழ்க்கையில முதல் தடவையா ரெண்டு கிளாஸ் குடிச்சிருக்கா. மறுநாள் கண்ணு மங்குது. யாருக்கு போன் பண்ணுவா? அம்மாவுக்கா, "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு சொல்லக் காத்திருக்கிற சித்தப்பாவுக்கா? கொஞ்சம் பாப்போம்னு போர்வையை இழுத்துப் போத்திக்குவா. விஷத்தைவிட அந்தக் "கொஞ்சம் பாப்போம்"தான் ஆளைக் கொல்லுது. அதை அவளுக்குள்ள ஊட்டினது உங்க அறிவுரை.

மருத்துவத்துல தாமதம் ஒரு நோய் மாதிரிதான். பயணத்துல பெண்களுக்கு வர்ற பெரிய பிரச்சினைகள் பலதும் கடிகாரம் பாத்து வேலை செய்யறவை. பாலியல் வன்முறையையே எடுத்துக்குவோம். எச்ஐவி வராம தடுக்கிற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம் 28 நாள் விடாம சாப்பிடணும். பரவலா கிடைக்கிற லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு. மூணு நாள். "வெளியே தெரிஞ்சா என்ன சொல்வாங்க"ங்கிற யோசனையிலயே அந்த மூணு நாள் ஓடிடும். முடிஞ்சா குளிக்காம, துணி மாத்தாம ஆஸ்பத்திரி போறது தடயத்துக்கு நல்லது. குளிச்சிட்டீங்களா? பரவாயில்ல, அப்படியே போங்க. சிகிச்சைக்குத் தடயம் தேவையில்ல.

இன்னொண்ணு. புகார் கொடுக்கப்போனவங்க மேலயே வழக்குப் பாயற நாடுகள் உண்டு. 2013ல துபாய்ல பாலியல் வன்முறைப் புகார் கொடுத்த ஒரு நார்வே பெண்ணுக்கு 16 மாசம் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு. உலகமே கத்தின பிறகுதான் மன்னிப்பு கிடைச்சுது. அதனால போற நாட்டு இந்தியத் தூதரகத்தோட அவசர எண்ணை போன்லயும் ஒரு துண்டுக் காகிதத்துலயும் எழுதி வச்சுக்கோங்க. போன் தொலைஞ்சா காகிதம்தான் பேசும்.

அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருந்துச்சீட்டு வேண்டாம், நம்ம ஊர்ல சட்டப்படி தடையும் இல்ல. ஆனா தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப் பலதுல கேட்டுப் பாருங்க. "இல்லம்மா"ன்னு வரும், கூடவே ஒரு பார்வையும் வரும். பிலிப்பைன்ஸ்ல போய் வாங்கிக்கலாம்னா அங்க அது விற்பனைக்கே கிடையாது. டாக்டர்கிட்ட கேட்டு ஒரு பட்டை பையில வச்சுக்கிட்டா ஒழுக்கம் கெட்டுடாது. குடை எடுத்துட்டுப் போனா மழை வந்துடுமா என்ன?

இதைவிடச் சத்தமில்லாத ஆபத்து ஒண்ணு இருக்கு. பீரியட்ஸைத் தள்ளிப்போடுற மாத்திரை. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, இப்ப ஐரோப்பா டூருக்கு. யாரையும் கேக்காம கவுண்டர்ல வாங்கி, நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளை. அதுல ஒரு பகுதி உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனா மாறுது. ஈஸ்ட்ரோஜன் இருக்கிற கருத்தடை மாத்திரையைப் போலவே இதுவும் ரத்தம் உறையற வாய்ப்பைக் கூட்டலாம். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து போற பயணமும் அந்த வாய்ப்பை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்குது.

பயமுறுத்தல. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு நீண்ட விமானப் பயணத்துல இது 6000 பேர்ல ஒருத்தருக்கு வர்ற மாதிரியான விஷயம். ஆனா மாத்திரை, அதிக எடை, சமீபத்துல பிரசவம் அல்லது ஆபரேஷன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ முன்னாடி ரத்தக்கட்டி வந்திருக்கிறதுன்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா கணக்கு மாறும். இவங்களுக்கு மாத்து வழி இருக்கு. அதைச் சொல்ல டாக்டருக்கு முதல்ல விஷயம் தெரியணுமே! "எதுக்கு டூர், யார் கூட டூர்"னு கேக்கற டாக்டர்கிட்ட எந்தப் பொண்ணு போய் இதையெல்லாம் சொல்லுவா? சக மருத்துவர்களே, இது நமக்குத்தான்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சுத் திணறினா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. இறங்கின அன்னைக்குத்தான் வரணும்னு இல்ல, சில வாரம் கழிச்சும் வரும். விமானத்துல நடைபாதை ஓர சீட் வாங்குங்க, அப்பப்ப எழுந்து நடங்க. டாய்லெட் சுத்தமா இருக்காதுன்னு தண்ணியே குடிக்காம 10 மணி நேரம் அடக்கிக்கிட்டு வர்ற பழக்கம் நம்ம பெண்களுக்கு ஸ்கூல்லயே வந்துடுது. அதோட பலன், இறங்கின ரெண்டாம் நாள் நீர்க்கடுப்பு. கடுப்போட குளிர் காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தா அது சிறுநீரகம் வரைக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். பார்லி தண்ணி போதாது.

மருந்து கொண்டுபோறதுல ஒரு எச்சரிக்கை. கோடீன் இருக்கிற இருமல் மருந்து, டிராமடால் இருக்கிற வலி மாத்திரை எல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்துல கட்டுப்படுத்தப்பட்டவை, முன்அனுமதி இல்லாம கொண்டுபோனா ஜெயில் வரைக்கும் போகும். அங்க கசகசாவுக்கே தடை. அம்மா ஆசையா கட்டிக்குடுக்கிற குருமாப் பொடியைப் பாத்துக்கோங்க. மருந்துச்சீட்டுல மருந்தோட மூலப்பெயரை எழுதி வாங்குங்க, பிராண்டு பெயர் அங்க யாருக்கும் புரியாது.

வெளியூர் போன ஆரோக்கியமான ஆட்களை அதிகமா காவு வாங்கறது சாலை. பாலியிலயும் தாய்லாந்துலயும் வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்க, ஹெல்மெட் போடுங்க. செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா இன்சூரன்ஸ் பொதுவா கை விரிச்சிடும். குடிச்சிருந்தாலும் அப்படித்தான். பாலியில நாயோ குரங்கோ கடிச்சா, கீறினாலும், சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே வெறிநாய்க்கடி ஊசி. ஊருக்கு வந்து போட்டுக்கலாம்னு தள்ளாதீங்க.

இவ்வளவு நேரம் டூர் போற பெண்களைப் பத்தியே பேசிட்டேன். தமிழ்நாட்டுல இருந்து ரொம்ப காலமா வெளிநாட்டுக்குத் தனியாப் போறவங்க வேற ஆட்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போற அக்காங்க. அவங்களுக்கு யாரும் ஃபார்வர்டு போடறதில்ல. 30 வயசுக்குக் குறைஞ்சவங்க அந்த வேலைக்குப் போகக்கூடாதுன்னு அரசு கட்டுப்பாடு வச்சிருக்கு. பாதுகாப்புக்குத்தான். ஆனா ஏஜென்ட் டூரிஸ்ட் விசாவுல அனுப்பிடறான். அப்படிப் போனவங்க எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. உடம்பு முடியலைன்னாலோ, முதலாளி அடிச்சாலோ, தூதரகத்துக்குப் போகவே பயம். அங்கயும் "போகாதே" பெண்ணைத் தடுக்கல, கண்ணுக்குத் தெரியாம ஆக்கிடுச்சு. உங்க வீட்டுப் பக்கத்துல யாராவது அப்படிப் போயிருந்தா இதைச் சொல்லுங்க: இந்தியத் தூதரகங்கள்ல இந்தியர் சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு. கையில காசில்லாதவங்களோட அவசர சிகிச்சைக்கும், தங்க இடத்துக்கும், ஊர் திரும்ப டிக்கெட்டுக்கும் அதுல உதவி கேக்கலாம்.

அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒண்ணு. பொண்ணு கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க: "என்ன நடந்தாலும், நீ என்ன பண்ணியிருந்தாலும், முதல் போன் எனக்குப் போடு, காரணம் கேக்கமாட்டேன்." சொல்லிட்டு, போன் வரும்போது நிஜமாவே கேக்காதீங்க.

சந்தேகம் இருந்தா கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் போடறேன். மாத்திரை பேரைப் போட்டு டோஸ் மட்டும் கேக்காதீங்க. அதுக்கு உங்களை நேர்ல பாக்கற டாக்டர் வேணும்.