மண்டையோட்டைப் பார்க்கும் கண்

2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள காட்லெட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் போலீஸ் வண்டிகள் மீது புதிதாக ஒரு ஸ்டிக்கர் முளைத்தது. நீண்ட பற்களுடன் ஒரு மண்டையோடு. காமிக்ஸ் படிப்பவர்களுக்கு அது பழகிய சின்னம். 'பனிஷர்' என்கிற ஃப்ராங்க் காஸில் மார்பு நிறைய அணிந்திருப்பது. விசாரணை, நீதிமன்றம், தீர்ப்பு எதற்கும் காத்திராமல் குற்றவாளிகளைச் சுட்டுத் தள்ளுகிறவன் அவன். சட்டப்படி பார்த்தால் அந்த ஊர் போலீஸ் அவனைக் கைது செய்து உள்ளே தள்ள வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் ஸ்டிக்கர்கள் உரிக்கப்பட்டன.

ஊர் சின்னது. மண்டையோடு போன தூரம் பெரிது. ஈராக் போரில் குறிபார்த்துச் சுடும் வீரராக இருந்த க்ரிஸ் கைல், தானும் சகாக்களும் அதை வண்டிகளிலும் உடுப்பிலும் தீட்டிக்கொண்டதை 2012-ல் வெளியான தன் சுயசரிதையில் பெருமையாகவே சொல்கிறார். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை முற்றுகையிட்ட கூட்டத்திலும் அது தென்பட்டது.

இத்தனைக்கும் பனிஷர் பிறந்தது கதாநாயகனாக அல்ல. 1974 பிப்ரவரி தேதியிட்ட 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 129-வது இதழில், நாயகனைக் கொல்ல வந்த கூலியாளாக. எழுதிய ஜெர்ரி கான்வேக்கு வயது 21. முந்தைய ஆண்டுதான் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைச் சாகடித்து வாசகர்களை அழவைத்திருந்தார். பாலத்திலிருந்து விழுகிறவளைக் காப்பாற்ற நாயகன் வீசிய வலையே அவள் கழுத்தை முறித்துவிடுகிறது. அதுவரை அமெரிக்க காமிக்ஸில் அப்படி நடக்காது. 1954-ல் பதிப்பாளர்கள் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகளின்படி நல்லவர் ஜெயித்தாக வேண்டும், குற்றவாளி மீது அனுதாபம் வரக்கூடாது, போலீஸின் மதிப்பு குறையக்கூடாது. 1971-ல்தான் விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய் பனிஷர் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தான்.

கெட்டவனை நாயகனாக்குவது தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகனே இரும்புக்கை மாயாவிதான். பத்தாண்டுக்கு முன் பிரிட்டனின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் பிறந்தபோது அந்த ஆசாமி ஒரு கொள்ளைக்காரன். லயன் காமிக்ஸ் மூலம் வந்த ஸ்பைடரின் ஆரம்ப லட்சியமும் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாவதுதான். ஆனால் இவர்கள் கியர் மாற்றுவதுபோல் மாறினார்கள். முதலில் வில்லன், பிறகு நாயகன். ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கும் அவஸ்தை கிடையாது. எந்தப் பள்ளிச் சிறுவனும் மாயாவியை நினைத்துத் தூக்கம் கெட்டதில்லை.

பனிஷரிடம் அந்த அவஸ்தை இருந்தது. சரியாகச் சொன்னால், அது அவனைப் பார்ப்பவரிடம் இருந்தது. ஆரம்பக் கதைகளில் அவன் ஸ்பைடர்மேனின் இதழுக்கு வந்துபோகும் விருந்தாளி. யாரையும் கொல்லமாட்டேன் என்று உறுதியோடு இருக்கும் ஓர் இளைஞனின் கண் வழியாகத்தான் வாசகன் அவனைப் பார்த்தான். குடும்பத்தைக் குண்டுக்குப் பறிகொடுத்தவன் என்ற இரக்கமும், இவன் செய்வது கொலை என்ற திகிலும் அந்தக் கண்ணில் சேர்ந்தே இருந்தன. 1986-ல் பனிஷருக்குத் தனித் தொடர் கிடைத்தது. அடுத்த ஆண்டு மாத இதழ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாதத்துக்கு மூன்று இதழ்கள். தனி இதழில் ஸ்பைடர்மேனுக்கு என்ன வேலை? சாட்சி வெளியேறினான், துப்பாக்கி மிஞ்சியது. நாயகனின் மனசாட்சியை எழுத்தாளர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பக்கம் பக்கமாக அவன் புலம்பத்தான் செய்தான். ஆனால் புலம்பும் கொலைகாரன் வாசகனுக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறான்.

அதே 1986-ல் தொடங்கிய ஆலன் மூரின் 'வாட்ச்மென்' இந்த வியாதியைக் கிண்டல் செய்யத்தான் எழுதப்பட்டது. அதில் வரும் ரோர்ஷாக் முகமூடி போட்ட பனிஷர் மாதிரி: நாற்றமடிக்கும், நண்பர்களற்ற, வெறுப்பில் ஊறிய மனிதன். வாசகர்கள் அவனையே விரும்பிவிட்டதைக் கண்டு மூர் நொந்துபோனதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரும் ஒரு தவறு செய்தார் என்று தோன்றுகிறது. கதையின் ஒரு பகுதி ரோர்ஷாக்கின் டைரி வழியாக நகர்கிறது. ஒருவன் டைரியைப் படிக்கிறவர் பாதி அவன் கட்சிதான். 2019-ல் எச்.பி.ஓ. அந்தக் கதையை டிவி தொடராகத் தொடர்ந்தபோது, ரோர்ஷாக்கின் முகமூடியை மாட்டியிருந்தவர்கள் வெள்ளை இனவெறியர்கள்.

டிவியில் இந்தச் சோதனையை நீண்ட நாள் நடத்திப் பார்த்தது 'பிரேக்கிங் பேட்' (2008-2013). நுரையீரல் புற்றுநோய் வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்டர் வொயிட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்சுகிறார். முதல் சில வாரங்கள் பார்த்தவர்களில் அவர் பக்கம் சாயாதவர் அபூர்வம். ஐந்து சீசன்களில் பொய், மிரட்டல், கொலை, ஒரு குழந்தைக்கு விஷம் என்று மனிதர் இறங்கிக்கொண்டே போகிறார். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் இம்முறை சாட்சியை வெளியே அனுப்பவில்லை. மனைவி ஸ்கைலரை வீட்டுக்குள்ளேயே நிறுத்தினார். அவள் கேள்வி கேட்கிறாள், பயப்படுகிறாள், பிள்ளைகளை அப்புறப்படுத்தப் பார்க்கிறாள். நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில் புத்தி தெளிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

நடந்தது என்ன? ரசிகர்கள் வெறுத்தது ஸ்கைலரை. இணையத்தில் அவளைத் திட்டுவதற்கென்றே குழுக்கள் கிளம்பின. அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மீதான வெறுப்பு தன்மீது கொலை மிரட்டலாகத் திரும்பியதை அதில் சொன்னார். கணவனின் கொட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் மனைவி என்பதே அவள் செய்த குற்றம். அடுத்த மாதம் ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில் வால்டர் அவளிடம் வந்து, குடும்பத்துக்காக அல்ல, தனக்காகவே, தனக்குப் பிடித்ததாலேயே செய்ததாக ஒப்புக்கொள்கிறார். நாயகனே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஸ்கைலர்தான் கதையைக் கெடுத்தாள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு.

ஹாலிவுட்டுக்கு இந்தப் பிரச்சினை விஞ்ஞானக் கதை வடிவத்தில் வந்தது. ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'ட்யூன்' (1965) நாவலில் பாலைவன மக்களின் ரட்சகனாகிறான் பால் அட்ரெய்டிஸ். வசீகரமான தலைவர்களை நம்பாதே என்று எச்சரிக்கவே எழுதியதாக ஹெர்பர்ட் கூறினார். எச்சரிக்கை பலருக்கு எட்டவில்லை. 1969-ல் எழுதிய அடுத்த பாகத்தில், பாலின் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்கள் 6,100 கோடி என்று கணக்கே கொடுத்துவிட்டார். டெனி வில்நவ் 2024-ல் எடுத்த இரண்டாம் படத்தில் செய்த முக்கிய மாற்றம் சானி பாத்திரத்தில். நாவலில் கடைசிவரை காதலனின் பக்கத்திலேயே நிற்பவள், படத்தில் அவனை நம்ப மறுக்கிறாள். எல்லோரும் மண்டியிடும்போது அவள் மட்டும் நிற்கிறாள். கடைசி ஷாட் முடிசூடியவன் மீது இல்லை. மணற்புழுவுக்காகக் காத்து நிற்கும் அவள் முகத்தின் மீது. ஒரு பெண்ணின் முகம் போதுமா, அத்தனை இசைக்கும் போர்க்களத்துக்கும் எதிராக? அரங்கில் கைதட்டல் விழுவது பால் கர்ஜிக்கும் இடத்தில்தான்.

இங்கே இந்தியாவிலும் இது திரையோடு நிற்கும் விஷயமல்ல. 2023 செப்டம்பரில் அப்போது மும்பை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கௌதம் படேல், 'சிங்கம்' மாதிரிப் படங்கள் மிக ஆபத்தான செய்தியைத் தருவதாக ஒரு கூட்டத்தில் பேசினார். சூர்யா நடித்த தமிழ்ப் படத்திலிருந்து 2011-ல் இந்திக்குப் போன அதே சிங்கம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் பலாத்காரக் கொலை வழக்கில் சிக்கிய நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீஸ்காரர்கள் மீது பூத்தூவியது பலருக்கும் நினைவிருக்கும். உச்சநீதிமன்றம் அமைத்த விசாரணைக் கமிஷனின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. வேண்டுமென்றே சுட்டார்கள், செத்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றது அது. பூத்தூவிய கூட்டத்தில் பாதிக் கூட்டம்கூட அதைப் படித்திருக்காது. சிங்கத்துக்கும் மனசாட்சி உண்டு, குடும்பம் உண்டு, கண் கலங்கும் காட்சி உண்டு. இல்லாதது, அவன் அடிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒரு ஆள்.

பனிஷரின் பிரம்மா கான்வே தன் படைப்பைத் திரும்பப் பிடுங்கப் போராடினார். போலீஸ் இந்தச் சின்னத்தை அணிவது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை அரசுக் கட்டடத்தில் ஏற்றுவதற்குச் சமம் என்று 2019-ல் பேட்டியளித்தார். அதே ஆண்டு மார்வெல் வெளியிட்ட ஓர் இதழில், தன் ரசிகர்கள் என்று பல்லிளிக்கும் இரண்டு போலீஸ்காரர்களின் வண்டியிலிருந்து பனிஷரே மண்டையோட்டைக் கிழித்தெறிகிறான். உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவிடம் போங்கள் என்கிறான். 2020-ல் கான்வே மண்டையோட்டுச் சட்டைகளை மாற்றி வடிவமைக்கச் செய்து, விற்ற பணத்தைக் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 2022-ல் மார்வெல் சின்னத்தையே சில காலம் மாற்றிப் பார்த்தது. பழைய மண்டையோட்டு ஸ்டிக்கர் விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

2025-ல் வந்த 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' டிவி தொடரில் பனிஷர் மறுபடி வருகிறான். நியூயார்க் போலீஸில் ஒரு கும்பல் அவன் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டு ஆட்களைக் கொன்று திரிகிறது. அவர்கள் கையில் சிக்கும் பனிஷரைத் தங்கள் குருவாக நினைத்துக் கூட்டுச் சேரக் கூப்பிடுகிறார்கள். கோமாளிகள் என்று திட்டுகிறான். கூண்டில் அடைக்கிறார்கள். கடைசிக் காட்சியில், காவலுக்கு நிற்கும் ஒரு ரசிகனின் கை கம்பிகளுக்கு நடுவே பனிஷரிடம் சிக்குகிறது. அவன் அதை முறித்துவிடுகிறான்.