வளர்ந்த நாயைப் பழக்க முடியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை குர்காவ்ன்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் போன் செய்தார். மதுரைக்காரர். தெருநாய் ஒன்றைத் தத்தெடுத்து ஒன்பது நாள் ஆகிறது.

"அண்ணாச்சி, இது சரிப்பட்டு வராது போலிருக்கு. ஹால், பெட்ரூம், சாமி ஷெல்ஃப் அடியில... ஒரு இடம் பாக்கி இல்ல. நாலு வயசு நாயை இனிமே என்னத்தைப் பழக்குறது? திருப்பி விட்டுடலாம்னு இருக்கேன்."

"திருப்பி எங்கே விடுவீங்க?"

பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாதுங்க. 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு எடுத்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும்தான் விதிவிலக்கு. அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. சட்டம் கிடக்கட்டும். ஒன்பது நாள் மெத்தையில் படுத்த நாயை டிசம்பர் குளிரில் மறுபடி ரோட்டில் விட மனசு வருமா?

நண்பரைத் திட்டும் யோக்கியதை எனக்கும் இல்லை. எங்கள் வீட்டு முத்து (நொய்டா, ஒன்பதாவது மாடி, ஏறத்தாழ மூன்று வயது, 16 கிலோ) வந்த முதல் வாரம் நானும் இதே வசனத்தைப் பேசியவன்தான். ஊரிலிருந்து அம்மா வேறு போனில், "ஏய்யா, நாயைப் போயி வீட்டுக்குள்ளயா வச்சிருக்கே?" தங்கமணி ஒரு மாசம் கெடு கொடுத்தாள். நாய்க்கா எனக்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை :-)

அஞ்சாவது நாள் பேப்பரைச் சுருட்டி ஒரு அடி வைத்தேன். அன்றிலிருந்து முத்து ஹாலில் போவதை நிறுத்திவிட்டது. ஆகா, ஒரே அடியில் திருந்திவிட்டது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள, நாலு நாள் கழித்து சோபாவுக்குப் பின்னால் நாற்றம். வீட்டுக்குள் போகக்கூடாது என்று அது கற்றுக்கொள்ளவில்லை. இந்த ஆள் கண்ணெதிரே போகக்கூடாது என்று கற்றுக்கொண்டது. அதைவிட மோசம், கீழே கூட்டிப்போனாலும் நான் பக்கத்தில் நிற்பதால் போகாமல் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒளிந்து போனது. அந்த ஒரு அடியைச் சரிசெய்ய எனக்கு பத்து நாள் ஆச்சு.

என் கட்சி இதுதான். குட்டியைவிட வளர்ந்த நாயைப் பழக்குவது சுலபம். ரெண்டு மாசக் குட்டிக்கு அடக்கும் சக்தியே கிடையாது. வளர்ந்த நாய்க்கு அது இருக்கிறது. தெருநாய்க்கு மண்ணில், புல்லில் போய்த்தான் பழக்கம். அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: டைல்ஸ் போட்ட இந்த மூணு ரூமும் "உள்ளே" என்பது. அதை யாராவது சொல்லித்தர வேண்டாமா?

எங்கள் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன்.

நேரம் தவறாமல் கீழே கூட்டிப்போக வேண்டும். காலை எழுந்ததும், ரெண்டு வேளை சாப்பாட்டுக்கும் அரை மணி நேரத்துக்குள், மதியம் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன். ஒரே வழி, ஒரே இடம். போய் முடித்த அடுத்த நொடியே ஒரு துண்டு முட்டையோ பன்னீரோ. வீட்டுக்கு வந்து கொடுத்தால், லிஃப்டில் ஏறியதற்குப் பரிசு என்று அது நினைத்துக்கொள்ளும்.

மேலே வந்தால் வீடு முழுக்க சுற்ற விடக்கூடாது. ஒன்று நம் கண் முன்னால், இல்லை ஒரு சின்ன அறையில். தரையை முகர்ந்து வட்டமடித்தால் உடனே செருப்பை மாட்டுங்கள். தப்பு நடந்து முடிந்த பிறகு மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பது சுத்த வீண். எதற்கு இந்தத் தண்டனை என்றே அதற்குப் புரியாது.

அப்புறம் சுத்தம். ஃபினைல் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், சிறுநீர் வாடையே அடிக்கும். பெட் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைக்கிறது, அதைப் போட்டால்தான் பழைய வாடை போகும். வாடை இருக்கும்வரை அந்த மூலைதான் அதன் டாய்லெட்.

மூன்றாவது வாரம் வீடு சுத்தம். தங்கமணி கெடுவைத் தள்ளிவைத்தாள். ரெண்டு மாசம் கழித்து திடீரென்று மறுபடி ஆரம்பித்தது, துளித்துளியாக. இந்தத் தடவை பேப்பரைத் தேடாமல் டாக்டரைத் தேடினேன். மூத்திரப் பையில் கிருமி! மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. அன்றைக்கும் அடித்திருந்தால்? நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

இனி சாப்பாடு. பாதிப் பிரச்சினை இங்கேதான். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு கிடந்தால் எப்போது வெளியே போகும் என்று கணக்கே வைக்க முடியாது. ரெண்டு வேளை, அளந்து, இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும்.

"ஊர்ல நாய் நாம சாப்பிடறதைத்தானே சாப்பிட்டுச்சு?" என்று அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் நாய் அதோடு நிற்கவில்லை, வெளியே எலியும் கோழிக்கழிவும் தேடித் தின்றது. ஒன்பதாவது மாடியில் நாம் போடுவது மட்டும்தான் கதி. நம் சமையலில் அதற்கு விஷமும் இருக்கிறது. சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு, ரெண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் வரும் சைலிட்டாலும் கூடவே கூடாது. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

தயிர் சாதம் விஷமில்லை, உப்பில்லாமல் கொஞ்சம் போடலாம். ஆனால் அதுவே சாப்பாடு என்றால் புரதம் போதாது. வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்தது 18% புரதம் வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். கடையில் வாங்கினால் பையின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் "முழுமையான சமச்சீர் உணவு, வளர்ந்த நாய்க்கு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். விலை அதிகம் என்பதற்காக உசத்தி ஆகிவிடாது. வீட்டில் சமைத்தால் சோறும் சிக்கனும் மட்டும் போதாது, அதில் கால்சியம் இல்லை. டாக்டரிடம் கேட்டுச் சேருங்கள். கருத்தடை செய்த 16 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி, காய்ந்த உணவென்றால் ஏறத்தாழ 250 கிராம். கொஞ்சம் குண்டானால் குறையுங்கள். உணவை மாற்றினால் ஒரு வாரம் பழையதோடு கலந்து மெல்ல மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கலங்கும், அப்புறம் ஹாலில் போனது என்று நாயைக் குறை சொல்வோம்.

இருபத்தாறு வயசில் நான் டெல்லிக்கு வந்து இறங்கியபோது பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே மூணு மாசம் திணறினேன். வளர்ந்தவன், இவனை இனிமேல் பழக்க முடியாது என்று யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. முத்துவும் தெருவில் கேட்ட "ஹட்" மட்டும் தெரிந்து வந்தது. இப்போது "வால, சோறு" என்றால் ஓடி வருகிறது.

நண்பரிடம் ஒரு மாசம் கேட்டிருக்கிறேன். என்சைம் கிளீனர் ஒரு பாட்டில் நானே வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போகிறேன். பேப்பர் வாங்குவதை நிறுத்தச் சொல்லியாச்சு :-)