வயசுக்கு ஏது மக்கா தனி ரேட்டு?

வேப்பம்பட்டுல அப்பா ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்னைப் பார்த்ததும், "தம்பி ஓட்டுவாரா? அப்போ தேர்டு பார்ட்டியே ஜாஸ்தி ஆகும் சார்"னு ஒரு போடு போட்டார்.

சுத்த ரீல்! தேர்டு பார்ட்டி கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 1000 சிசிக்கு மேல் போகாத காருக்கு 2022-ல் அறிவித்தது ரூ.2,094, வரி தனி. பார்ப்பது எஞ்சினைத்தான்; ஓட்டுறவன் மீசையை இல்லை. நம்ம வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீட்டில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். பேரத்தை அங்கே பேசுங்க. சட்டப்படி அது கட்டாயமும் இல்லை.

இப்படிப் பயமுறுத்தினா நம்ம பசங்க இன்சூரன்ஸே இல்லாம ஓட்டுவாங்க. சி.டி.எச். ரோட்டுல யாரையாவது இடிச்சா, அடிபட்டவருக்கான நஷ்டஈடு நம்ம வீட்டுத் தலையில். காமர்ஸ் படிக்கிற நாமளே கணக்கு கேக்கலைன்னா, வேற யார் கேப்பா?